ஓப்பன்விஎம்எஸ் பேக்கப்: டைரக்டரி மரத்தை இதன் கையில் கொடுக்கலாமா?

பேக்கப் என்பது ஓப்பன்விஎம்எஸ் (சுருக்கமாக விஎம்எஸ்) இயங்குதளத்தின் காப்புக் கட்டளை. டைரக்டரி மரம் என்றால் ஒரு டைரக்டரியும் அதன் கீழுள்ள எல்லாக் கிளைகளும். கொடுக்கலாம். ஆனால் பாதையில் வரும் "..." என்ற மூன்று புள்ளிகளை எங்கே வைக்கிறோம், ஓனர் யார், லாக்கை யார் படிக்கிறார்கள் என்ற மூன்றும் சரியாக இருந்தால்தான். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பேக்கப் இருக்கும், ரீஸ்டோர் செய்தபின் அது உபயோகப்படாது. நான் ஒரு தொழிற்சாலையின் பழைய ஆல்ஃபா கணினியைப் பார்த்துக்கொள்கிறேன். வன்பொருள் போய் இப்போது எமுலேட்டர் வந்துவிட்டது. உள்ளே ஓடுவது அதே ஓப்பன்விஎம்எஸ் வி8.4. வீட்டில் சாதாரண பிசிகளின் எக்ஸ்86 செயலிக்கான வி9.2 ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் இருக்கிறது. இரண்டிலும் தினமும் புழங்குகிற கருவி என்ற முறையில் இதை எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பேக்கப் தனியாக விலை கொடுத்து வாங்குகிற பொருள் இல்லை, இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. விஎம்எஸ்ஸை 1977 அக்டோபர் 25-ம் தேதி வாக்ஸ்-11/780 கணினியோடு டிஜிட்டல் நிறுவனம் அறிவித்தது. 1998-ல் காம்பேக், 2002-ல் எச்பி என்று கை மாறி, இன்று விஎம்எஸ் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. நடுவில் எச்பி காலத்தில் இதன் பொறியியல் வேலை பெங்களூருக்கு வந்தது. நம் ரயில்வே முன்பதிவு பல வருடங்கள் இந்த விஎம்எஸ் மேல்தான் ஓடியது, சென்னை அதன் ஐந்து மையங்களில் ஒன்று. கவுன்டரில் நின்று டிக்கெட் வாங்கியவர்கள் பலரும் பெயர் தெரியாமலே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

விஎம்எஸ்ஸில் ஒரு டைரக்டரியை அதன் கீழுள்ள எல்லாக் கிளைகளோடும் எடுக்க இப்படி எழுதுவோம்:

பேக்கப்/லாக்/வெரிஃபை டிகேஏ100:[சம்பளம்...]*.*;* டிகேஏ200:[காப்பு]சம்பளம்.பிசிகே/சேவ்_செட்

டிகேஏ100, டிகேஏ200 இரண்டும் டிஸ்குகளின் பெயர். சதுர அடைப்புக்குள் பெயருக்குப் பின்னால் வரும் மூன்று புள்ளிதான் "இதற்குக் கீழே எவ்வளவு ஆழமோ அவ்வளவும்" என்று சொல்கிறது. *.*;* என்பது எல்லாப் பெயர், எல்லா வகை, எல்லா வெர்ஷன். விஎம்எஸ் ஒரே ஃபைலின் பல வெர்ஷன்களை வைத்துக்கொள்ளும் என்பதால் அந்த அரைப்புள்ளி நட்சத்திரம் முக்கியம். கடைசி வெர்ஷன் மட்டும் போதுமென்றால் ;0 என்று போடலாம். எதிர்ப்பக்கம் /சேவ்_செட் என்று சொன்னால் எல்லாம் ஒரே கட்டாக, ஒரு சேவ் செட்டாகப் போகும். அதைச் சொல்லாவிட்டால் ஃபைல்கள் தனித்தனி ஃபைல்களாகவே நகலாகும்.

புதிதாக வருபவர்கள் காப்பி கட்டளையை வைத்து இதைச் செய்யப் பார்ப்பார்கள். காப்பி துணை டைரக்டரிகளைத் தானாக உருவாக்காது, முதல் கிளையிலேயே நின்றுவிடும். பேக்கப் உருவாக்கும். லாக்கில் கிரெடிர் என்ற வரி ஒவ்வொரு புது டைரக்டரிக்கும் வரும். மரத்தை அப்படியே இன்னொரு டிஸ்குக்கு நகர்த்துவதற்கு விஎம்எஸ்ஸில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி எங்கே சிக்கும் என்று பார்ப்போம். என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளியீட்டுப் பக்கத்தில்தான் சிக்கியிருப்பார்கள். எடுக்கும்போது எல்லாரும் சரியாக எடுத்துவிடுகிறார்கள். திருப்பி வைக்கும்போது அடைப்புக்குள் என்ன எழுதுவது என்பதில்தான் குழப்பம்.

சம்பளம் டைரக்டரிக்குள் வருடத்துக்கு ஒரு கிளை, அதற்குள் மாதத்துக்கு ஒரு கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதத்திலும் பட்டியல்.டேட்;1 என்று அதே பெயரில் ஒரு ஃபைல். இதைச் சோதனை என்ற டைரக்டரிக்குள் திருப்பி எடுக்க வேண்டும். சேவ் செட் பெயருக்குப் பின்னால் /செலக்ட்=[சம்பளம்...]*.*;* என்று போட்டாயிற்று. வெளியீட்டில் மூன்று விதமாக எழுதலாம், மூன்றும் மூன்று பலன் தரும்.

டிகேஏ200:[சோதனை] என்று மட்டும் எழுதினால் மரம் மறைந்துவிடும். எல்லா ஃபைலும் சோதனை என்ற ஒரே டைரக்டரியில் தட்டையாக விழும். ஜனவரியின் பட்டியல் முதலில் வந்து உட்காரும். பிப்ரவரியின் பட்டியலும் அதே பெயர், அதே வெர்ஷன் எண். அதற்கு இடமில்லை. ஓப்பன்அவுட் என்ற எரரும் அதன் கீழே டூப்ஃபைல்நேம் என்ற வரியும் வரும். மார்ச்சுக்கும் அப்படியே. முடிவில் ஒரே ஒரு மாதத்தின் பட்டியல் மட்டும் இருக்கும். இந்த எரரைப் பார்த்துப் பயந்துபோய் /நியூ_வெர்ஷன் என்று சேர்த்து மறுபடி ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்போது எரர் வராது. ஆனால் பட்டியல்.டேட்;1, ;2, ;3 என்று எல்லா மாதமும் ஒரே பெயரின் வெர்ஷன்களாக அடுக்கிக் கிடக்கும். எது எந்த மாதம் என்று உள்ளே திறந்து பார்த்தால்தான் தெரியும். முதல் நிலைமையாவது சத்தம் போட்டுச் சொல்கிறது, இரண்டாவது அமைதியாகவே தரவைக் கலந்துவிடுகிறது. அதனால் இரண்டாவதுதான் மோசம்.

டிகேஏ200:[சோதனை...] என்று மூன்று புள்ளி வைத்தால், /செலக்ட்டில் மூன்று புள்ளி எதைப் பிடித்ததோ அந்தப் பகுதி மட்டும் சோதனைக்குக் கீழே வரும். அதாவது [சோதனை.2019.மார்ச்]. பழைய உச்சிப் பெயரான சம்பளம் போய்விடும்.

டிகேஏ200:[சோதனை.*...] என்று நட்சத்திரத்தோடு எழுதினால் பழைய முழுப் பாதையும் அப்படியே ஒட்டிக்கொள்ளும்: [சோதனை.சம்பளம்.2019.மார்ச்]. எந்த மரத்திலிருந்து வந்தது என்ற அடையாளம் பாதையிலேயே நிற்கும். சோதனை ரீஸ்டோருக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான். பழைய இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டுமென்றால் [*...] போதும்.

இவ்வளவு வித்தியாசம் ஒரு நட்சத்திரத்துக்கும் மூன்று புள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. கையேட்டில் இதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது, அது சரியாகவும் இருக்கிறது. ஆனால் இரவு வேளையில் டிஸ்க் போய் நிற்கிறவர் கையில் வேண்டியது உதாரணம். முன்னால் மரம் இப்படி, பின்னால் மரம் இப்படி என்று படம் போட்டுக் காட்டியிருந்தால் எத்தனையோ பேரின் ராத்தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது, எடுக்கும்போதே சில கிளைகள் விடுபட்டுப் போவது. இதற்குப் பொதுவான காரணம் பிரிவிலேஜ், அதாவது கணக்குக்குக் கொடுக்கும் சிறப்பு அனுமதி. உங்கள் கணக்குக்குப் படிக்க அனுமதி இல்லாத டைரக்டரியை பேக்கப் திறக்க முடியாது. ஓப்பன்டிர் அல்லது ஓப்பன்இன் என்று எரர் போட்டு, கீழே நோபிரிவ் என்று காரணம் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகும். நின்றுவிடாது. கிளை விடுபட்ட மரம் சேவ் செட்டுக்குள் போய்விடும். இதற்கென்றே ரீட்ஆல் என்ற பிரிவிலேஜ் இருக்கிறது. எதையும் படிக்கலாம், பேக்கப் தேதியைப் பதியலாம், உள்ளடக்கத்தில் கை வைக்க முடியாது. பேக்கப் எடுப்பவருக்குப் பைபாஸ் கொடுத்து எல்லாவற்றையும் திறந்துவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். நாற்பது வருடத்துக்கு மேலான ஓர் இயங்குதளத்தில் இந்த நுணுக்கத்தை யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் மரியாதையாக இருக்கிறது.

டைரக்டரி ஃபைலே கெட்டிருந்தால் பேட்இரெக்டரி என்று வரும். அங்கே பேக்கப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அனலைஸ்/டிஸ்க்_ஸ்ட்ரக்சர் ஓட்டி முதலில் டிஸ்கின் நிலவரத்தைப் பாருங்கள். /ரிப்பேர் சேர்ப்பதற்கு முன்னால் ஒருமுறை அது இல்லாமல் ஓட்டி அறிக்கையை முழுக்கப் படித்துவிடுவது நல்லது.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் எரர் வரிகள். ஒவ்வொரு வரியிலும் மூன்று துண்டு: யார் பேசுகிறார், எவ்வளவு தீவிரம், என்ன விஷயம். நடுவில் வரும் ஒற்றை எழுத்தைப் பார்த்தாலே போதும். எஸ் என்றால் வெற்றி, ஐ என்றால் தகவல், டபிள்யூ என்றால் எச்சரிக்கை, இ என்றால் பிழை, எஃப் என்றால் இனி ஓடாது. கீழே கோடு போட்டு வரும் அடுத்த வரி காரணத்தைச் சொல்லும். காரணம் விளங்காவிட்டால் ஹெல்ப்/மெசேஜ் என்று தட்டி அந்தச் சொல்லைக் கொடுத்தால் விளக்கமும், என்ன செய்ய வேண்டும் என்ற யோசனையும் வரும். வேறு எந்தக் காப்புக் கருவியும் என்னிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை. அது பேசுவதை யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படிக் கேட்காமல் விட்ட ஒரு நிலைமையைத்தான் நான் இந்த வேலைக்கு வந்தபோது பார்த்தேன். எனக்கு முன்னால் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்தவர்கள் இரவு பேக்கப்புக்கு ஒரு பேட்ச் ப்ரொசீஜர் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதி வைத்திருந்தார்கள். முதல் வரியே செட் நோஆன். அதாவது எந்த எரர் வந்தாலும் நிற்காதே. கடைசி வரி, மேலாளருக்கு "பேக்கப் முடிந்தது" என்று ஒரு மெயில். நடுவில் என்ன நடந்தாலும் அந்த மெயில் போகும். பேக்கப் கட்டளையில் /இக்னோர்=இன்டர்லாக் என்று இருந்தது. லாக் ஃபைலைத் திறந்தால், உற்பத்திப் பதிவுகள் இருக்கும் கிளை முழுவதும் வரிக்கு வரி டபிள்யூ, அக்கன்ஃப்லிக்ட். "வேறொருவர் எழுதுவதற்காகத் திறந்து வைத்திருக்கிறார்" என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் பேக்கப் சொல்லிக்கொண்டே போயிருக்கிறது. அவை இன்டெக்ஸ் ஃபைல்கள், அதாவது சாவியை வைத்து ரெக்கார்டைத் தேடும் ஃபைல்கள். ஒன்றைச் சோதனை டிஸ்கில் ரீஸ்டோர் செய்து, ஃபைலின் உள்ளமைப்பைச் சோதிக்கும் அனலைஸ்/ஆர்எம்எஸ் ஓட்டினேன். உள்ளே அமைப்பு உடைந்திருந்தது. மெயில் மட்டும் தினமும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அதனால் இந்த /இக்னோர்=இன்டர்லாக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது இல்லாமல் ஓட்டினால், வேறொரு ப்ரொசஸ் எழுதத் திறந்து வைத்திருக்கும் ஃபைலை பேக்கப் எடுக்காது. ஓப்பன்இன் எரர் போட்டுத் தாண்டிப் போகும். இதைச் சேர்த்தால் எரர் எச்சரிக்கையாக இறங்கும், ஃபைல் நகலாகும். ஆனால் அந்த நகல் எந்த நொடியின் படம் என்று யாருக்கும் தெரியாது. பாதி எழுதியது, கேஷில் இருப்பது, இரண்டு பக்கெட்டில் (ஃபைலின் உள்துண்டுகளில்) ஒன்று புதியது ஒன்று பழையது என்று எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். வெறும் லாக் ஃபைல்களுக்கு இது பரவாயில்லை. இன்டெக்ஸ் ஃபைலுக்கும் டேட்டாபேஸுக்கும் இதை நம்பவே கூடாது. ஆரக்கிள் ஆர்டிபி டேட்டாபேஸ் இருந்தால் அதற்கு ஆர்எம்யூ/பேக்கப் தனியாக இருக்கிறது, அதை ஓட்டி அதன் வெளியீட்டை மரத்துக்குள் வைத்துவிட்டுப் பிறகு மரத்தை எடுங்கள். ஆர்எம்எஸ் (விஎம்எஸ்ஸின் ரெக்கார்டு மேலாண்மை) இன்டெக்ஸ் ஃபைலைப் பகிர்ந்து திறந்திருந்தால் கன்வர்ட்/ஷேர் மூலம் ரெக்கார்டு ரெக்கார்டாக ஒரு நகல் எடுக்கலாம். இது எதுவும் முடியாவிட்டால் பயன்பாட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தத்தான் வேண்டும். நிர்வாகத்திடம் அந்த நேரத்தைக் கேட்டு வாங்குவது நம் வேலையில் ஒரு பகுதி.

அந்த ப்ரொசீஜரை இப்போது எப்படி மாற்றியிருக்கிறேன் என்றால், செட் நோஆன் போய்விட்டது. விஎம்எஸ்ஸின் கட்டளை மொழியான டிசிஎல் இயல்பாகவே இ, எஃப் வந்தால் வெளியேறிவிடும், டபிள்யூவுக்கு நிற்காது. அதனால் ஆன் வார்னிங் தென் என்று நாமே சொல்ல வேண்டும். அதோடு லாக்கில் "-டபிள்யூ-", "-இ-", "-எஃப்-" மூன்றையும் சர்ச் கட்டளையால் தேடி, கிடைத்த வரிகளை மெயிலின் உடலிலேயே அனுப்பச் செய்திருக்கிறேன். மேலாளருக்கு அந்த வரிகள் புரியாமல் போகலாம். மெயில் நீளமாக இருந்தால் என்னைக் கூப்பிடுகிறார், அது போதும்.

மூன்றாவது ஓனர் விஷயம். இது இந்தக் கருவியின் மேல் எனக்கிருக்கும் உண்மையான குறை. ஒரு மரத்தை ரீஸ்டோர் செய்தால், வேறு ஏதும் சொல்லாவிட்டால், வருகிற ஃபைல்கள் எல்லாம் ரீஸ்டோர் செய்தவரின் யூஐசியின் (பயனர் அடையாள எண்ணின்) கீழ் வந்துவிடும். /பை_ஓனர்=ஒரிஜினல் என்று சொன்னால்தான் பழைய ஓனர்கள் திரும்பி வருவார்கள். முழு டிஸ்கை /இமேஜ் முறையில் திருப்பும்போது ஒரிஜினல்தான் இயல்பு. மரத்துக்கு மட்டும் அப்படியில்லை. ஒரு பயனர் தன் சொந்த ஃபைலைத் தானே மீட்டெடுக்கும் சூழலை நினைத்து இப்படி வைத்திருக்கலாம், அந்த நியாயம் புரிகிறது. ஆனால் சிஸ்டம் கணக்கிலிருந்து பல பேருடைய டைரக்டரிகளை ரீஸ்டோர் செய்யும்போது ஓர் எச்சரிக்கை வரியாவது வந்திருக்க வேண்டும். வருவதில்லை. லாக் முழுவதும் எஸ், எஸ், எஸ் என்றே இருக்கும். மறுநாள் காலை பயனர்கள் உள்ளே வந்து தங்கள் ஃபைலைத் திறக்க முடியாமல் திணறும்போதுதான் தெரியவரும். டிஸ்க் கோட்டா போட்டிருந்தால் இன்னொரு தொல்லை. எல்லா பிளாக்கும் ஒரே யூஐசி கணக்கில் ஏறி, பாதி வழியில் எக்ஸ்டிஸ்க்கோட்டா என்று வரும். டிஸ்கில் இடம் தாராளமாக இருக்கிறதே என்று குழம்புவார்கள். அங்கே பார்க்க வேண்டியது ஓனரைத்தான்.

சேவ் செட்டை வேறு கணினிக்கு அனுப்பும்போது வரும் சிக்கலும் அடிக்கடி நடப்பது. விஎம்எஸ்ஸில் ஃபைல் என்றால் உள்ளே உள்ள பைட்டுகள் மட்டும் இல்லை, ரெக்கார்டு அமைப்பும் ஃபைலின் குணமாகத் தலைப்பில் பதிந்திருக்கும். டிஸ்கில் எடுக்கும் சேவ் செட் இயல்பாக 32256 பைட் நிலையான ரெக்கார்டுகளாக இருக்கும். எஃப்டிபி மூலம் லினக்ஸுக்குப் போய்த் திரும்பி வந்தால் அந்தக் குணம் தொலைந்துவிடும், பெரும்பாலும் 512 பைட் ரெக்கார்டாக வந்து நிற்கும். பேக்கப் அதைத் தொட்டவுடன் நாட்சேவ்செட் என்று எஃப் போட்டு வெளியேறிவிடும். பார்ப்பவர் பேக்கப்பே அழிந்துவிட்டது என்று நினைப்பார். பைனரி முறையில் போய் வந்திருந்தால் அழியவில்லை, பைட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. குணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும்:

செட் ஃபைல்/அட்ரிப்யூட்ஸ்=(ஆர்எஃப்எம்:ஃபிக்ஸ்,எம்ஆர்எஸ்:32256,எல்ஆர்எல்:32256,ஆர்ஏடி:நன்) சம்பளம்.பிசிகே

எடுக்கும்போது /பிளாக்_சைஸ் மாற்றியிருந்தால் அந்த எண்ணைப் போட வேண்டும். அனுப்புவதற்கு முன்பே டைரக்டரி/ஃபுல் பார்த்து அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு தேடவேண்டியதில்லை. ஆஸ்கி முறையில் போயிருந்தால் வரி முடிவுகள் என்று நினைத்து பைட்டுகளையே மாற்றியிருக்கும், அதற்கு மருந்து இல்லை. அதனால் நான் சேவ் செட்டை வெறுமனே அனுப்புவதே இல்லை. ஜிப் "-வி" போட்டுக் கட்டி அனுப்புகிறேன். அந்தப் பெரிய வி விஎம்எஸ் குணங்களையும் சேர்த்துக் கட்டிவிடும். மேற்கோள் குறி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அது சின்ன வியாக மாறி வேறு அர்த்தமாகிவிடும்.

சிஸ்டம் டிஸ்கை மரமாக எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் [சிஸ்0] டைரக்டரிக்குள் இருக்கும் சிஸ்காமன், மேலே உள்ள விஎம்எஸ்$காமன் டைரக்டரிக்கு இன்னொரு பெயர்தான். இரண்டு வழியிலும் இறங்கினால் ஒரே ஃபைலை இரண்டு தடவை எடுக்கும். /நோஏலியாஸ் போடுங்கள். சிஸ்டம் டிஸ்குக்கு மரமே வேண்டாம், /இமேஜ்தான் முறை என்பது என் கருத்து.

ஆழம் பற்றியும் சிலர் கேட்பார்கள். பழைய ஓடிஎஸ்-2 என்ற டிஸ்க் அமைப்பில் டைரக்டரி எட்டு மட்டத்தோடு முடிந்தது, பெயரும் 39 எழுத்துக்குள். வி7.2-ல் ஓடிஎஸ்-5 வந்தபிறகு 255 மட்டம் வரை போகலாம், பெயரும் நீளலாம். ஓடிஎஸ்-5-ல் எடுத்த மரத்தை ஓடிஎஸ்-2 டிஸ்கில் இறக்க வேண்டுமென்றால் /கன்வர்ட் இருக்கிறது. பெயர்கள் மாறும் என்பதால், அந்தப் பெயர்களை நம்பி எழுதிய ப்ரொசீஜர்கள் உடையலாம்.

மர முறைக்கே உரிய ஓர் எல்லையும் இருக்கிறது. அது டைரக்டரி வழியாக இறங்கிப் போகிறது. எந்த டைரக்டரியிலும் பெயர் இல்லாமல் டிஸ்கில் தனித்துக் கிடக்கும் ஃபைல்கள் அதன் கண்ணில் படாது. /இமேஜ் முறை இன்டெக்ஸ்எஃப்.சிஸ் ஃபைலைப் பார்த்து எடுப்பதால் அவற்றையும் பிடித்துவிடும். டிஸ்கில் ஏதாவது கோளாறு நடந்தபின் எடுக்கிற முதல் பேக்கப் மரமாக இருக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

நல்லதையும் சொல்ல வேண்டும், அது நிறையவே இருக்கிறது. இயல்பாகவே ஒவ்வொரு பிளாக்குக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்புக் கணக்குப் போடுகிறது. பத்து பிளாக்குக்கு ஒரு எக்ஸ்ஓஆர் பிளாக் சேர்க்கிறது. அந்தப் பத்தில் ஒன்று படிக்க முடியாமல் போனால் மற்றவற்றை வைத்து அதைத் திருப்பிக் கட்டிவிடும். அழுக்குப் பிடித்த டேப் காலத்தில் வந்த யோசனை, இன்றைக்கும் பழைய டேப் படிக்கிறவர்களைக் காப்பாற்றுகிறது. டிகே50 டேப் கேட்ரிட்ஜில் சுமார் 95 எம்பி மட்டுமே கொள்ளும். அந்தக் காலத்தில் எடுத்த சேவ் செட்டை இன்றைய எக்ஸ்86 விஎம்எஸ் படிக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும். வாக்ஸ், ஆல்ஃபா, இடானியம், எக்ஸ்86 என்று நான்கு செயலி மாறியும் பழைய சேவ் செட்டைக் கைவிடவில்லை. வி8.3 முதல் /டேட்டா_ஃபார்மட்=கம்ப்ரஸ் வந்தது, இடம் நன்றாக மிச்சமாகிறது. அப்படிச் சுருக்கியதை அதற்கு முந்தைய வெர்ஷன்களில் திறக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வேகம் என்று பார்த்தால், மெதுவாக ஓடுகிறது என்ற புகாரில் பாதிக்கும் மேல் பேக்கப் ஓடும் கணக்கின் கோட்டாவில் (அதற்கு ஒதுக்கிய நினைவகம், ஃபைல் எண்ணிக்கை போன்ற வரம்புகளில்) போய் முடியும். டபிள்யூஎஸ்எக்ஸ்டென்ட், டிஐஓஎல்எம், ஃபில்எல்எம் இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். தனியாக ஒரு பேக்கப் கணக்கு வைத்து, உங்கள் வெர்ஷனுக்கான கையேட்டில் சொன்னபடி மதிப்புகளைப் போடுங்கள். பழைய வெர்ஷனுக்குச் சொன்ன மதிப்பை அப்படியே புதியதில் வைப்பது சரிவராது, பரிந்துரைகள் மாறியிருக்கின்றன.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று, ஓனர் விஷயத்தில் எச்சரிக்காமல் இருப்பதற்கும் வெளியீட்டுப் பக்கத்துக் குழப்பத்துக்கும். நூற்றுக்கணக்கான கிளையுள்ள மரத்தை எடுத்து, அதில் ஒரே ஒரு கிளையை மட்டும் திருப்ப வேண்டிய வேலை உங்களுக்கு இருந்தால் இது பொருத்தமான கருவி. சிஸ்டம் டிஸ்க், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் இரண்டுக்கும் மர முறையை எடுக்காதீர்கள்.

பழகிப் பார்க்க நினைப்பவர்களுக்கு விஎம்எஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் கம்யூனிட்டி லைசென்ஸ் திட்டத்தில் எக்ஸ்86 விஎம்எஸ்ஸை மெய்நிகர் இயந்திரமாகத் தருகிறது. அதில் காலியாக ஒரு டிஸ்க் கூடுதலாகச் சேர்த்து, இனிஷியலைஸ்/ஸ்ட்ரக்சர்=5 செய்து மவுன்ட் பண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மட்டத்தில் ஒரு சின்ன மரம் கட்டி, எல்லாக் கிளையிலும் ஒரே பெயரில் ஒரு ஃபைல் போட்டு, மேலே சொன்ன மூன்று வெளியீட்டையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் டைரக்டரி/ஓனர் போட்டு யார் பெயரில் வந்திருக்கிறது என்று பாருங்கள். கடைசியில் பேக்கப்/கம்பேர் ஓட்டி மூல மரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு மதிய நேரத்தில் முடிந்துவிடும்.